மரத்துப்போக ஒரு மருந்து

எங்கள் மாமாவுக்கு வைத்தியம் தெரியும் என்று முதலில் சொன்னவர் யார் என்று தெரியவில்லை. மாமாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மாவின் தம்பியான அவர் மன்னார்குடியில் பெயின்ட் கடை வைத்திருந்தார். ஆனாலும் சொந்தத்தில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் பையில் ஒரு சீசாவைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார்.

அவருடைய கொடி உயரப் பறந்தது என் காதுகுத்தின்போது. குலதெய்வக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டது தள்ளித் தள்ளிப் போய், ஐந்து வயதில்தான் எனக்குக் காது குத்தினார்கள். விவரம் தெரிந்த வயது. ஆசாரியின் கையில் கம்பியைப் பார்த்ததுமே ஊரைக் கூட்டிவிட்டேன். மாமா நாட்டு மருந்துக் கடையில் கிராம்பும் அக்கரகார வேரும் வாங்கி இடித்து, வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டிக் கொண்டுவந்திருந்தார். கிராம்பும் வேரும் மரத்துப்போவதற்கு, வேப்பிலையும் மஞ்சளும் கிருமி அண்டாமல் இருப்பதற்கு என்று கூட்டத்துக்கு விளக்கம் வேறு. என்னை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு காதிலும் தடவினார். ஆசாரி குத்தினார். நான் அழவில்லை. யாரோ என் வாயில் ஒரு முழு லட்டைத் திணித்திருந்ததுதான் காரணம். பேரென்னவோ மருந்துக்குத்தான் கிடைத்தது.

ஒன்பது வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. கிழவர்களுக்கு வருவதுபோல் அல்ல. உடம்பில் இன்சுலினே சுரக்காமல் நின்றுபோகிற வகை. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தேன், குச்சியாக இளைத்தேன், ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் சுருண்டு விழுந்தேன். கண் விழித்தது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். நடுவில் போன நாட்கள் எனக்கு இல்லவே இல்லை. காலையும் மாலையும் ஊசி, ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் பழையபடி நினைவு தப்பும் என்று டாக்டர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். அன்று முதல் எனக்கு இரண்டு பயங்கள். ஊசி ஒன்று, அந்த அடியில்லாத தூக்கம் மற்றொன்று. எது பெரியது என்று அந்தந்த வேளைக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

ஊசி போடக் கற்றுக்கொண்டவள் அம்மா மட்டும்தான். அப்பாவுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அவர் தலையை ஆட்டினாரே தவிர பார்வை முழுக்க ஜன்னலில் இருந்தது. எலி வளையில் கை விட்டுப் பாம்பை இழுத்துப் போடுகிற மனிதர். வீட்டில் எனக்கு ஊசி போடும் நேரம் பார்த்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார். அடுத்த ஆறு மாதத்தில் எங்கள் மாடு நன்றாகவே கொழுத்தது.

ஐப்பசி அடைமழையில் அம்மாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. ஒரு மாலை வலி கண்டுவிட்டது. மாமா ஆட்டோவோடு வந்து வாசலில் நிற்க, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, எனக்கு அந்த வேளை ஊசியைப் போட்டுவிட்டுத்தான் வண்டியேறினாள். கரன்ட் இல்லாததால் இன்சுலின் மருந்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தண்ணீர்ப் பானைக்குள் கிண்ணத்தில் மிதக்க வைத்திருந்தாள். “காலைல எட்டு மணிக்கு. மறந்துடாதீங்க” என்றாள் அப்பாவிடம். மாமா தன் பங்குக்கு ஒரு சீசாவை நீட்டினார். “மச்சான், இதத் தடவிட்டு, நல்லா மரத்துப்போனதும் போடுங்க. பாப்பாவுக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது.”

விடிந்தபோது வாய்க்கால் கரை மீறியிருந்தது. எங்கள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். நட்ட சம்பாவெல்லாம் தண்ணீருக்குள். வேறு நாளாக இருந்தால் அப்பா மண்வெட்டியோடு வடிகாலை வெட்டிவிடப் போயிருப்பார். அன்று வயல் பக்கம் திரும்பவே இல்லை. ஊசியில் மருந்தை ஏற்றி வைத்துவிட்டு என் தொடையில் சீசா மருந்தைத் தடவினார். நான் விரலில் தொட்டு நக்கிப் பார்த்தேன். நாக்கு விறுவிறுவென்று மரத்துப்போனது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. நாக்குக்கு ஆனது தொடைக்கும் ஆகத்தானே வேண்டும்?

“மரத்துப்போச்சா பாப்பா?”

கிள்ளிப் பார்த்தேன். சுரீரென்று வலித்தது. “இன்னும் இல்லப்பா.”

மறுபடி தடவினார். மறுபடி கேட்டார். மறுபடி இல்லை. நடுவில் சீசாவையும் புது ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போவார். சற்று நேரம் கழித்து வெளுத்த முகத்தோடு வருவார். அடுப்பு மூலையில் ஊசிகளின் ஆரஞ்சு மூடிகள் கிடந்தன. மருந்து ஏற்றிப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பசிக்கிறது என்றபோது அம்மா வைத்துவிட்டுப் போன இட்லியைக் கொடுத்தார். ஊசிக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதோ இப்போது மரத்துவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம். அல்லது நம்புவதுபோல் உட்கார்ந்திருந்தோம். தொடை மஞ்சளாகிப் பிறகு சிவந்தது. எரிந்ததே தவிர மரக்கவில்லை.

மாமா போனில் கூப்பிட்டார். அம்மாவுக்கு இன்னும் ஆகவில்லையாம். எனக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்கச் சொன்னாளாம். அப்பா என்னைப் பார்த்தார். “போட்டாச்சு மாப்ள. அவளைக் கவலப்படாம இருக்கச் சொல்லு” என்றார். அந்தப் பேச்சோடு சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்கு ஊசி போடவில்லை என்பது உலகத்தில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

உச்சிப்பொழுதுக்கு முன்பே தாகம் தொடங்கிவிட்டது. செம்பு செம்பாகக் குடித்தேன். கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். பிறகு வயிறு பிசைந்து வாந்தி எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. “அப்பா, எனக்குத் தூக்கம் வருது” என்றேன். அவர் வாரியெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினார். வாய்க்காலைத் தாண்டினால் ஊர். ஊரில் சுகாதார நிலையம். அங்கே நர்ஸ் அக்கா. ஆனால் மதகுப் பாலம் கண்ணில் படவே இல்லை. அது இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அப்பா இறங்கினார். மார்புக்கு வந்ததும் கால் பிடிப்பு விட்டது. வேலிக் கல்லைப் பிடித்து எப்படியோ கரையேறினார். அக்கரையைப் பார்த்து, யாரையென்று இல்லாமல், அலறினார். மழைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அப்பா அலறி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

வீட்டுக்கு வந்து என்னைப் பாயில் கிடத்தினார். ஈரத்தைத் துடைத்தார். பழையபடி அந்தச் சீசாவைத் திறந்தார். திறந்த வேகத்தில் பாதி மருந்து பாயில் கொட்டியது.

“மரத்துப்போச்சா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். அதைவிடப் பயங்கரமான ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை. ஊசி, தூக்கம் இரண்டையும் அது சின்னதாக்கிவிட்டது. எப்படியாவது அந்த முகம் மாறினால் போதும் என்று இருந்தது.

“மரத்துப்போச்சுப்பா. போடுங்க.”

“நல்லாவா?”

“கட்ட மாதிரி இருக்கு. ஒண்ணுமே தெரியல.”

அப்பா சீசாவை மூடி ஓரமாக வைத்தார். பிறகு என் தொடையைப் பிடித்து, அம்மா பிடிக்கிற அதே மாதிரி பிடித்து, குத்தினார். எரிந்து சிவந்திருந்த தோலில் அது அம்மா போடுவதைவிடப் பத்து மடங்கு வலித்தது. நான் உத்தரத்தைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தேன். ஊசியை எடுத்ததும் அவர் என் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் தண்ணீர் சற்று வடிய, எங்களைப் பார்த்து வரச் சொல்லி மாமா அனுப்பிய டிராக்டர் வந்தது. அதில் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் அக்கா விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான் என்றார். தொடையைப் பார்த்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “இன்சுலின் ஊசிக்கு சோப்புத் தண்ணி போதும்ங்க. கண்டதத் தடவி புண்ணாக்கி வச்சிருக்கீங்களே.” தம்பி பிறந்த சேதி அங்கேதான் வந்தது. மாமா ஒரு வாரம் கழித்து, தன் மருந்தினால்தான் பாப்பா அழாமல் ஊசி போட்டுக்கொண்டாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானோ அப்பாவோ மறுக்கவில்லை.

டிராக்டரில் போகும்போது அப்பாவின் இடது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே மஞ்சள் படிந்திருந்தது. அந்த மஞ்சளின் மேலேயே, நாற்று நட்டதுபோல் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். பாவம், கொசு பிடுங்கியிருக்கிறது என்று தடவிக்கொடுத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

இப்போது எனக்கு நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். கொசு வரிசை பிடித்துக் கடிக்காது என்பது வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. அடுக்களைக்குள் போய் அப்பா தன் கையில் மருந்தைத் தடவித் தடவிக் குத்திப் பார்த்திருக்கிறார். அது தோலை மரக்கச் செய்யாது என்று காலையிலேயே அவருக்குத் தெரிந்துபோயிருக்கிறது. ஆகவே நான் கட்டை மாதிரி இருக்கிறது என்று சொன்னபோது, அது பொய் என்று தெரிந்தேதான், எனக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்தேதான் அவர் ஊசியைக் குத்தியிருக்கிறார்.

நானோ அன்று இரவு, அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் தூங்கினேன்.