பிரேக் மூடியில் ஒரு பொட்டு

ஆடி பிறந்துவிட்டால் கோயம்புத்தூரில் மூன்று மணிக்கே சாயங்காலம் மாதிரி ஆகிவிடும். பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும். சாரல் விழுமா விழாதா என்று சொல்ல முடியாது. மனுசனுக்குத் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு மயக்கம் வரும். அப்படி ஒரு நாளில்தான் என் பழைய காருக்குப் புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டினேன். நாம் மிதிக்கிற மிதியை எண்ணெய் வழியாக நாலு சக்கரத்துக்கும் அனுப்பி வண்டியை நிறுத்துவது அதுதான்.

மாட்டியது வண்டிக்காக அல்ல, என் வீட்டுக்காரிக்காக.

போன வருசம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பும்போது, மேம்பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பெடல் தரையோடு போய்விட்டது. ஓரத்தில் கொட்டியிருந்த மணல்மேட்டில் ஏறி வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றோடு அவள் அந்தக் காரில் ஏறுவதை நிறுத்திவிட்டாள். சிலிண்டருக்குள் ரப்பரை மாற்றினேன். அப்போதும் அவள் ஏறவில்லை. ஒரே விசேசத்துக்கு நான் காரில் போவேன், அவள் பஸ்ஸில் வருவாள். சமயத்தில் எனக்கு முன்னால் போய் பந்தியில் உட்கார்ந்திருப்பாள். சொந்தபந்தமெல்லாம் சிரித்தார்கள். எனக்கு மானம் போனதைவிட, பக்கத்து சீட்டு காலியாகக் கிடந்ததுதான் தாங்கவில்லை. ஊர்க்கதை பேச ஆளில்லாமல் என்ன டிரைவிங், சொல்லுங்கள்?

அதனால் சிலிண்டரையே புதிதாக வாங்கினேன். பழைய பைப்பையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பைப்பை வளைத்து, முனையை விரித்து, நட்டைப் பூட்டினேன். ஒரு நட்டு மரை ஏறாமல் அழிச்சாட்டியம் செய்தது. அதன் ஏழு தலைமுறையையும் திட்டினேன். மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான், திட்டாமல் எனக்கு எந்த நட்டும் ஏறியதில்லை.

பைப்பிலிருக்கும் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் படுத்து எண்ணெயைத் திறந்துவிட வேண்டும். அவளைக் கூப்பிட்டேன்.

"வண்டி நிக்கறப்ப ஏறறதுக்கு என்னுங்க, வாரேன்" என்று வந்து உட்கார்ந்தாள்.

"மிதி அம்மணி."

"மிதிச்சுட்டனுங்க."

"புடி... உடாத... இப்ப உடு."

"உட்டுட்டனுங்க."

மல்லாந்து படுத்திருந்தேன். வேப்பமரம் தலைக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது. அவளைப் பார்க்க முடியவில்லை, குரல் மட்டும் வந்தது. கண்ணாடிக் குழாயில் குமிழி குமிழியாக எண்ணெய் இறங்கியது. குமிழி நின்ற பிறகும் போதுமென்று நான் சொல்லவில்லை. மிதி என்றேன், மிதிச்சுட்டனுங்க என்றாள். அப்படியே கண் சொருகியது. உண்மையைச் சொன்னால், ஒரு வருசத்தில் எனக்கு அவ்வளவு சந்தோசமான மதியம் வாய்க்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து தனியாக ஒரு சுற்று ஓட்டினேன். முதலில் வெண்ணெய் மாதிரி நின்றது. பிறகு பிடித்த பிரேக் விடாமல் வண்டி திணற ஆரம்பித்தது. தெருக்கோடி ஏற்றத்தில், மிதிக்காமலே பிரேக் பிடித்து அப்படியே நின்றுவிட்டது. சக்கரம் கொதித்தது. பழைய குருடி கதவைத் திறடி! பானட்டைத் தூக்கி, எண்ணெய் டப்பா மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. பிடி விட்டு வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. ஓடிப்போய் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

மூடியைப் பார்த்தால், நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். எண்ணெய் சூடானால் மூச்சு விடுவதற்கென்று மூடியில் ஒரு ஊசித்துளை இருக்கும். சந்தனம் காய்ந்து அதை அடைத்துவிட்டது. எங்கள் ஊரில் லேத்தானாலும் மோட்டார் பம்பானாலும் பொட்டு வைக்காமல் சுவிட்சைப் போடமாட்டார்கள். நான் கை கழுவப் போன நேரத்தில் வைத்திருக்கிறாள்.

வண்டி நின்றதைப் பார்த்து அவளே நடந்து வந்தாள். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன்.

"புது சாமானுக்குப் பொட்டு வெக்காம எப்படீங்க?" என்று சொல்லி, சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் துளையைக் குத்திச் சுத்தம் செய்து மூடியை நீட்டினாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"இனி பிரேக்குக்கு நான் ஜவாப்தாரி. ஏறு அம்மணி" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"பிரேக்குக்குப் பயந்தா ஏறாம இருக்கறேன்? அன்னிக்கி பிரேக்கு போனப்ப என்ன பண்ணுனீங்கன்னு நெனப்பிருக்குங்களா? ஸ்டீரிங்க உட்டுப்போட்டு, ரெண்டு கையிலயும் என்னையக் கட்டிப் புடிச்சுட்டீங்க. வண்டி அதும்பாட்டுக்குப் போயி மணல்ல ஏறுச்சு. நான் பக்கத்துல இருந்தா நீங்க ரோட்டப் பாக்கமாட்டீங்க. உங்குளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பறம் எனக்கு ஆருங்க இருக்கறா?"

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. சாமி சத்தியமாக நான்தான் திருப்பி மணலில் ஏற்றினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து, எனக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "இங்க உக்காந்தா உங்க கை எட்டாதுல்லங்க" என்றாள்.

அந்த மேம்பாலத்துக்கே போனோம். இறக்கத்தில் மிதித்தேன். வண்டி நின்றது. பின்னாலிருந்து வந்த கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. அதைத் தொடலாமென்று இடது கையை எடுத்தேன்.

"ரெண்டு கையும் ஸ்டீரிங்குலயே இருக்கட்டுங்க."