சலவைக்கூடத்துப் பாட்டு

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அவளுடைய வீட்டுக்காரர் ஊரறிந்த ராப் பாடகர். நான்கு பேர் கொண்ட குழு. ஆலை வாசல், மறியல் பந்தல் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் அவர்கள் குரல் கேட்கும். அவருக்கு 'இடி' என்று பட்டப்பெயர். பிறகு குழு சிதறியது. ஒருவர் விளம்பரத்துக்குப் பாடப் போனார், ஒருவர் கட்சிக்குப் போனார், ஒருவர் போயே சேர்ந்துவிட்டார். இடி மட்டும் எங்கும் போகவில்லை. அடுப்பு அவள் சம்பளத்தில்தான் எரிந்தது. அதை அவள் குறையாக நினைத்ததில்லை. விலைபோகாத மனுஷன் என்று உள்ளூரப் பெருமைதான்.

ஐம்பதைத் தாண்டியபின் அவர் தனியாக ஓர் ஆல்பம் போட முடிவுசெய்தார். துணி அலமாரியைக் காலிசெய்து, உள்ளே போர்வைகளைத் தொங்கவிட்டு, மைக்கோடு அதற்குள் புகுந்து மாதக்கணக்கில் பாடினார். அவளுடைய துணிமணிகள் மூட்டையாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன.

வெளியீட்டு விழாவில்தான் அவள் பாட்டுகளைக் கேட்டாள். ஒரு பாட்டில் அவளுடைய சலவைக்கூடமே இருந்தது. ரத்தம் காயாத விரிப்புகள், உதறினால் உள்ளிருந்து விழும் ஊசிகள், கையுறை கேட்டால் "மகாராணிக்குக் கை கூசுதோ" என்னும் மேற்பார்வையாளர். எல்லாம் அவள் வேலை முடிந்து வந்து புலம்பியதுதான், சொல் மாறாமல். பல்லவி மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு: 'பேசாத பெண்ணே.' அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பாட்டு போனுக்குப் போன் தாவிப் பரவியது. "என் மனைவி பட்ட பாடுதான் இது" என்று இடி ஒரு பேட்டியில் சொல்லிவைத்தார். மேற்பார்வையாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்காரர் நல்லாப் பாடுறாரும்மா. நாளையிலேர்ந்து வீட்லயே உக்காந்து கேளு."

இதை வீட்டில் சொன்னபோது இடியின் முகத்தில் கோபத்தோடு ஒரு வெளிச்சமும் வந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"இதை விடக்கூடாது. இதையும் பாட்டாக்கணும். உன்னை மாதிரி வாயில்லாத எத்தனை பேர்..."

"எனக்கா வாயில்ல? நான் பேசினதைத்தானேங்க நீங்க பாடுனீங்க."

"இது உன் ஒருத்தி பிரச்சினை இல்ல. புரிஞ்சுக்கோ."

"வேலை போனது எனக்கு ஒருத்திக்குத்தான். பாடட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

உலகத்து அநியாயங்களுக்கெல்லாம் அடுக்கடுக்காகப் பதில் வைத்திருந்தவர் எழுந்துகொண்டார். அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்கு ஒரு விடுதியில் விரிப்பு தேய்க்கும் வேலை கிடைத்தது, பாதிச் சம்பளத்துக்கு. அங்கே இருந்தபோதுதான் பழைய கூட்டாளி ஒருத்தி போன் செய்தாள்.

"அக்கா, கையுறை குடுத்துட்டாங்க. ஊசி போடத் தனி டப்பாவும் வச்சுட்டாங்க. எல்லாம் அண்ணன் பாட்டாலதான். ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்து பாடச் சொல்லியிருக்கோம், நீங்களும் வாங்க."

"நல்லது. கையுறையைக் கழட்டாம வேலை பாரு" என்று அவள் போனை வைத்தாள்.

இடி போய்ப் பாடிவிட்டு, பூரித்த முகத்தோடு திரும்பினார்.

"எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க, ஏன் வரலன்னு."

"என்ன சொன்னீங்க?"

"உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் வேலைக்குப் போட்டுக்கொள்ளக் கட்டிலுக்கு அடியில் இன்னும் கிடந்த மூட்டையிலிருந்து ஒரு புடவையை உருவினாள்.