நிறுத்தினாலும் நிக்காத வெடிச்சத்தம்

பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்க மிதிவெடி ஆபத்துப் பற்றி ஒரு சீடி செய்யிறம் எண்டு சொன்னனான்தானே. இண்டைக்கு அதில இருக்கிற வீடியோவுக்கு 'ஓடு', 'நிறுத்து' எண்டு ரெண்டு பொத்தான் போட்டனான். பயந்த பிள்ளை உடனே நிப்பாட்டத்தான் ரெண்டாவது.

என்னோட வேலை செய்யிற, கிண்ணியாவில இருந்து வாற பர்சானா சோதிச்சுப் பாத்தா. மிதிவெடி வெடிக்கிற இடத்தில 'நிறுத்து'வை அமத்தினா.

படம் நிண்டுது. சத்தம் நிக்கேல்ல. ஸ்பீக்கர் வேற முழுச் சத்தத்தில. வெடி திரும்பத் திரும்ப வெடிச்சுது.

யன்னலால பாத்தா, துறைமுக வீதியில சனம் ஓடுது.

"அக்கா, நிப்பாட்டுங்கோ!" எண்டு பர்சானா கத்தினா. நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினன்.

அதுக்குள்ள சென்றியில காவலுக்கு நிண்ட நேவிக்காரர் ரெண்டு பேர் துவக்கை நீட்டிக்கொண்டு உள்ளுக்கு வந்திட்டினம். கையைத் தூக்கிக்கொண்டு "பிலிம், பிலிம்" எண்டன். நம்பேல்ல.

"போட்டுக் காட்டு" எண்டார் ஒராள்.

சத்தத்தைக் குறைச்சுப் போட்டன். துவக்கு என்ர முதுகுக்குப் பின்னால. இளையவர் தானே 'நிறுத்து'வை அமத்திப் பாத்தார். வெடி ஓயேல்ல. அவர்ர முகம் மாறிப்போச்சு.

"சின்னப் பிள்ளைக்கா இது?" எண்டு கொச்சைத் தமிழில கேட்டார். ஓம் எண்டன். "அப்ப திருத்துங்கோ" எண்டிட்டுப் போயிட்டினம்.

சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடுற தனி பைலாப் போட்டிருந்ததுதான் பிழை. பொத்தான் படத்தை மட்டும்தான் நிப்பாட்டியிருக்கு. இப்ப ரெண்டும் சேந்து நிக்குது. இருபது தரம் அமத்திப் பாத்திட்டன்.

நாளைக்குச் சோதிக்க பர்சானா வரமாட்டாவாம். சொந்தமா ஹெட்போன் வைச்சிருக்கிற ஆராவது வாறீங்களோ?