பாடு போய்விடும் என்றார்

கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுகிற ரகமில்லை நான். பேச்சை நிறுத்திவிடுவேன். போன மாதம் மூன்று நாள் என் கணவரோடு பேசவில்லை. காரணம் முப்பது வருடம் பழையது.

மீன்வளம் படித்து முடித்த கையோடு ஹாலந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. செலவு முழுக்க அவர்களுடையது. அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஏரியில் முறை வைத்துத்தான் வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆணுக்குத்தான் பாடு. என் கணவருக்கு அப்போதுதான் கிடைத்திருந்தது. பெண்டாட்டி வெளிநாட்டில் இருந்தால் நீ என்ன குடும்பஸ்தன், பாட்டை எடுத்துவிடுவோம் என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டதாக வந்து சொன்னார். அழுதேன். பிறகு என் கையாலேயே வரவில்லை என்று எழுதிப் போட்டேன்.

அன்றிலிருந்து ஊர்ப் பெரியவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்தக் காலத்தில் ஹாலந்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து எங்கள் ஊரிலேயே செத்துப்போன டச்சுக்காரர்களின் கல்லறைப் பக்கம் போனால் வயிறு பற்றி எரியும். அவர்கள் கப்பலேறி இங்கே வந்து சாகலாம், நான் விமானமேறி அங்கே போய்ப் படிக்கக் கூடாதா?

இப்போது எங்கள் மகளுக்கு ஹாலந்தில் அதே ஊரில் படிக்க இடம். கொண்டுபோய்விட நாங்கள் இருவரும் போவதாக ஏற்பாடு. நான் படித்திருக்க வேண்டிய இடத்தை எனக்குக் காட்டப்போவதாக அவருக்கு ஒரே பெருமை. அன்று பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவரிடம் சொல்லிவிட்டு வரப் போனோம். அவருக்குக் கண்தான் மங்கியிருந்தது, ஞாபகம் மங்கவில்லை.

"நீயும் போயிருக்க வேண்டியவதானம்மா. பாடு எங்கியும் பூடாது, அனுப்புடான்னு உன் ஊட்டுக்காரனாண்ட சொன்னோமே. நீதான் வேணாம்னுட்டியாம்."

திரும்பிப் பார்த்தேன். என் கணவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் நானே வாய் திறந்து ஏன் என்று கேட்டேன்.

"நீ திரும்பி வராட்டி நான் இன்னா பண்றது?" என்றார்.

இரக்கப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அன்னிக்கு அனுப்பியிருந்தா திரும்பி வந்திருப்பேன். உன்னாண்டதான் வந்திருப்பேன்" என்றேன்.

அவருடைய டிக்கெட்டை ரத்து செய்துவிடும்படி மகளிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவளோடு நான் மட்டும் கிளம்புகிறேன். எப்போது திரும்பி வருவாய் என்று தினமும் கேட்கிறார். இதுவரை பதில் சொல்லவில்லை.