எட்டாவது கட்டத்துச் சிவப்புப் பொட்டு

வசுமதியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருகிற வார்த்தை 'பாவம்'. எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அது அவள் பெயருக்கு இனிஷியல் மாதிரி ஆகி ஏழு வருஷம் ஆகிறது. எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். நானும் அதைச் சொன்னவள்தான் என்பதால் எரிச்சல் இன்னும் கூடும்.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் கணவர் அச்சுதன் அலுவலகத்திலேயே மாரடைப்பில் போனார். பத்தாம் நாள், ஜனக்புரியிலிருந்து வந்திருந்த நாத்தனார் ரோஹிணி, "இனிமே இதெல்லாம் எதுக்கு வசு" என்று ஒரே ஒரு வரி சொன்னாள். வசுமதி தன் நெற்றிப் பொட்டைத் தானே எடுத்துவிட்டாள். டெல்லியில், இந்தக் காலத்திலுமா என்று கேட்பீர்கள். ஆமாம், இந்தக் காலத்தில்தான். சொன்ன ரோஹிணி வங்கி மேனேஜர். கூடத்தில் எட்டுப் பெண்கள் நின்றோம், ஆறு பேர் சம்பளம் வாங்குகிறவர்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அந்த எட்டில் எதிர்வீட்டுக்காரியான நானும் ஒருத்தி.

பிறகு கருணை அடிப்படையில் அவளுக்கு அமைச்சகத்தில் தபால் பிரிவில் வேலை கிடைத்தது. வீடு கையை விட்டுப் போகவில்லை. மகன் நரேன் படிப்பு முடித்து குர்கானில் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தான். கல்லூரி ஆசையில் அவன் வாங்கி, மூன்றே மாதத்தில் அலுத்துப்போன கிட்டார் பீரோ மேல் கிடந்தது. ஐம்பது வயதில் வசுமதி அதை இறக்கித் துடைத்தாள்.

யூடியூபில் ஒரு ஹிந்திக்காரப் பையன் சொல்லித் தருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றாள். முதல் ஆறு மாதம் விரல் நுனியெல்லாம் தடித்துப் போயிருந்தது. சின்ன வயதில் நாலு வருஷம் பாட்டு கற்றவள், காது நன்றாக இருந்தது. கைக்குத்தான் வழி தெரியவில்லை. கிட்டார் கழுத்தில் குறுக்கே பட்டைகள் ஓடும், ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் ஒரு கட்டம். ஆறு தந்தி, இருபது கட்டம். எந்த ஸ்வரம் எந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று அலுவலகத்துப் பழைய காகிதங்களின் பின்பக்கம் கட்டம் போட்டு எழுதி வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கிட்டார் கழுத்தில் அங்கங்கே சிவப்பும் கறுப்புமாக ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன.

"இங்க பாரு காந்தி. சிவப்புல ஆரம்பிச்சு சிவப்புல வந்து உக்காந்தா மேஜர். நம்ம சங்கராபரணம். அதே ஏழு ஸ்வரத்தைக் கறுப்புல ஆரம்பிச்சு கறுப்புல முடிச்சா மைனர். நடபைரவி. ஒரு ஸ்வரம் கூட மாறல. ரெண்டுக்கும் நடுவுல மூணே கட்டம்தான்."

வாசித்தும் காட்டினாள். எட்டாவது கட்டத்துச் சிவப்பிலிருந்து ஏறி இறங்கினபோது வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்த மாதிரி இருந்தது. ஐந்தாவது கட்டத்துக் கறுப்பிலிருந்து ஏறி இறங்கினபோது அந்த விருந்தாளியை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது.

"விரல் போற வழி மனப்பாடம் ஆயிடுச்சு. அதை எங்க வேணும்னாலும் நகர்த்தலாம். அதுதான் இதுல ஆபத்தும். ஆரம்பிக்கிற இடம் ஒரு கட்டம் தப்பினா மொத்தமும் தப்பு. அதுக்குத்தான் பொட்டு."

"இந்தப் பொட்டு..." என்று இழுத்தேன்.

"அவர் போறதுக்கு முந்தின வாரம் சரோஜினி நகர்ல வாங்கினது. நாலு அட்டை. குப்பைல போட மனசு வரல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குழுவின் ஆண்டு விழாவுக்குப் பெயர் கொடுக்கப் போவதாக அன்றைக்கே சொன்னாள். மேஜரில் சொந்தமாக ஒரு சின்ன மெட்டு, பிறகு அதே ஸ்வரங்களில் மைனர், திரும்பவும் மேஜர். மொத்தம் நாலு நிமிஷம்.

"இத்தனை பேர் முன்னாடி எதுக்கு வசு?" என்றேன்.

"அத்தனை பேரும் என்னைப் பார்த்து பாவம்னுதான் சொல்றாங்க. ஒரு நாளாவது வேற ஏதாவது சொல்லட்டுமே. நல்லா இல்லன்னு சொன்னாக் கூடப் பரவாயில்ல."

அதற்காக எட்டு மாதம் உழைத்தாள். அவள் நெற்றியைச் சுருக்கி அந்தப் பொட்டுகளைப் பார்த்து வாசிப்பதை வாரா வாரம் பார்த்தேன். கடைசி மாதம் ஒரு தப்பு கூட வரவில்லை.

விழாவுக்கு முதல் நாள் நரேன் வந்தான். தந்தியெல்லாம் துருப்பிடித்திருக்கிறது, புதிதாக மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று கிட்டாரை குர்கானுக்கு எடுத்துப் போனான். அம்மா மேல் பாசமுள்ள பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது. மறுநாள் மாலை கிட்டாரோடு நேராக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது அவள் பெயரை அறிவித்துவிட்டார்கள். உறையோடு வாங்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனில் சுருதியை ஓட விட்டேன். அவள் தலையாட்டினால் மைனருக்கு ஏற்றபடி சுருதியை மாற்ற வேண்டும், அதுதான் என் வேலை. அவள் உறையைத் திறந்தாள். கிட்டார் கழுத்து பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டு கூட இல்லை.

கீழே முதல் வரிசையில் நரேன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

விளக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தது. கிட்டாரிலேயே பதித்திருக்கும் வெள்ளைப் புள்ளி ஒன்று ஏழாவது கட்டத்தில் உண்டு, ஒன்பதிலும் உண்டு. எட்டில் கிடையாது. அவள் விரல் ஏழில் போய் உட்கார்ந்தது. விரல் போற வழி அச்சாக வந்தது, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் சுருதியோடு மோதியது. நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள், இந்தத் தடவை ஒன்பதில். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை, "மம்மி, ஆன்ட்டிக்கு வராதா?" என்று கேட்டது.

மூன்றாவது தடவை உதடு அசைய ஒவ்வொரு கட்டமாக எண்ணிக்கொண்டு போனாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. விரலை வைத்தாள். முதல் ஸ்வரம் சுருதியில் போய்க் கலந்தது, இரண்டாவதும் கலந்தது. அந்த நேரம் பார்த்து, குழுச் செயலாளர் ராஜகோபாலன் எழுந்து கைதட்டினார். அவளைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறாராம். நல்ல மனிதர். அவரைப் பார்த்து மண்டபமே தட்டியது. அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள், ஏறி, இறங்கி, ஒரு பிசகு இல்லாமல். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருத்தி தட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னது உதட்டசைவிலேயே தெரிந்தது. பாவம்.

என்னிடம் தலையாட்டாமலேயே அவள் இறங்கி வந்தாள்.

"பொட்டெல்லாம் எங்கடா?" என்று நரேனிடம் கேட்டாள்.

"அந்த பிந்தியா? தந்தி மாத்தறப்ப க்ளீன் பண்ணிட்டேன்மா. ஸ்டேஜ்ல சீப்பா தெரியும்ல. அம்மா, இட்ஸ் ஓகே, எல்லாரும் க்ளாப் பண்ணாங்களே."

"ஆமாப்பா, பண்ணாங்க" என்றாள். அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவனுக்கு என்ன தெரியும். தெரிந்த நாங்களே என்ன செய்துவிட்டோம்.

மறுநாள் சரோஜினி நகருக்குப் போய் சிவப்பில் ஒரு அட்டையும் கறுப்பில் ஒரு அட்டையும் வாங்கிக் கொடுத்தேன். அவள் மடியில் கிட்டாரைப் படுக்க வைத்து, காகிதத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒட்டினாள். எட்டாவது கட்டத்துச் சிவப்பை நகத்தால் இரண்டு முறை அழுத்தினாள். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு ஒரு சிவப்புப் பொட்டு விரல் நுனியில் மிஞ்சியது.

விரலை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அலமாரிக் கண்ணாடி எதிரிலேயே இருந்தது. வச்சுக்கோயேன் என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சொல்லலாமா, ரோஹிணி என்ன நினைப்பாள், படிக்கட்டில் யார் என்ன கேட்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் பொட்டை அட்டையிலேயே திரும்ப ஒட்டிவிட்டு, "டீ போடட்டுமா காந்தி?" என்று கேட்டாள். போடு என்றேன்.