ரோந்து ஜீப்பில் என் கேமரா

தொண்ணூறுகளில் தாம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் போலீஸ் வண்டிக்குள் கேமரா வைக்கிறார்களாம் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்த ஒரு இன்ஸ்பெக்டர், என் பழைய கேமராவை ரோந்து ஜீப்பின் முன்கண்ணாடிக்கு உள்பக்கம் கட்டித் தரச் சொன்னார். சோதனைக்குத்தானாம். போலீஸ் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நான் என்ன மந்திரியா? கட்டிக் கொடுத்தேன்.

ஜீப் டிரைவர் ஐம்பதைத் தொட்ட ஏட்டு. வண்டி மேல் அப்படி ஒரு பாசம். வேறு யாராவது ஸ்டியரிங்கைத் தொட்டால் முகம் சுண்டிவிடும். வந்த கேமராவையும் வண்டியோடு சேர்த்துக்கொண்டார். தானே ஆன் செய்வார், தானே துடைப்பார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், ஊரப்பாக்கம் பக்கம் ஒரு சைக்கிள்காரரை லாரி இடித்துத் தள்ளிவிட்டுப் பறந்தது. பின்னால் வந்த ஜீப்தான் இடித்தது என்று கூட்டம் கூடிவிட்டது. அடிபட்டவருக்கு எதுவும் நினைவில்லை. பழி ஜீப் மேல் விழுந்தால் ஏட்டு கையில் இனி வண்டி இல்லை. ஆனால் மனிதர் அசரவில்லை. கேசட்டோடு இன்ஸ்பெக்டரை அழைத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார்.

“போட்டுக் காட்டு சார். லாரிக்காரன் நம்பரே தெரியும். கேமரா எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்துச்சு.”

போட்டேன். திரை முழுக்க ஒரே மஞ்சள். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். டிவியில் அழுக்கு என்று நினைத்து ஏட்டு கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். லாரியின் ஹாரன் கேட்டது. “டேய், சைக்கிள்டா, பாத்துடா!” என்று அவர் கத்துவதும் கேட்டது. படம்தான் இல்லை.

“லென்ஸ் மேல என்னய்யா வச்சே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சந்தனம், குங்குமம் சார். ஹெட்லைட்டுக்கு வெச்சேன், ஸ்டியரிங்குக்கு வெச்சேன். இத்த மட்டும் வுட மனசு வரல.”

பூஜைக்கு வைத்த பொட்டை மறுநாளே யார் துடைப்பார்கள்?

“வெறும் குரலை எவனும் ஏத்துக்க மாட்டான்யா” என்று இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். “கேசட்ல கீற பொட்ட மட்டும் அழிக்க வழி கீதா சார்?”

“இல்லண்ணா.”

அந்த ஒரு வார்த்தையை அவரிடம் நான் சொல்லும்படி ஆயிற்றே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் கேட்காமலேயே, ஏட்டு ஜீப் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.