கிளிக்குப் பிடிக்காத குரல்

எங்கள் சோளக்காட்டு முள்வேலியில் சிக்கிக் கிடந்த கிளியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வந்ததிலிருந்து பயத்தில் பட்டினி கிடக்கிறது.

இன்று காலையும், "தின்னு சாமி, தின்னு கண்ணு" என்று கொஞ்சினேன். கூண்டு மூலையில் ஒடுங்கி நடுங்கியது.

மனைவி சிரித்தாள். "ஏனுங்க, காட்டுப் பரண்மேல நின்னு கத்திக் கிளிய முடுக்கித் தொரத்தறதும் இதே கொரலுதானுங்களே? பின்ன எப்படிப் பக்கத்துல வரும்? செத்த நேரம் வாய மூடிட்டு உக்காருங்க."

உள்ளங்கையில் சோளத்தோடு கூண்டுக்குள் கையை நீட்டி உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுச் சண்டைக்கதை தொண்டைவரை வந்தது; விழுங்கினேன்.

வெயில் ஏறியபின் கிளி தயங்கித் தயங்கி வந்து ஒரு மணியைக் கொத்தியது. பிறகு இன்னொன்று.

"பேசிராதீங்க!" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

நன்றாகப் பழகும்வரை நான் இப்படியே இருக்க வேண்டுமாம். கிளி பழக எவ்வளவு காலமாகும்? வளர்த்தவர்கள் சொல்லுங்கள். ஆயுசு முழுக்க ஆகும் என்கிறாள் இவள்.